கெர்ராவின் முடி தைத்த தாள்

1

இந்தக் கதையைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமல்ல. பிரானுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான நியூலினுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரில் இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'லொவெனா இறந்த அன்று கடல் அமைதியாக...' அடித்துவிட்டேன். அன்று நான் கடலைப் பார்க்கவேயில்லை. அவள் புத்தகத்தை அவள் கணவன் பிரான் கண்ணில் படாமல் எப்படி எடுத்து வருவது என்பதே யோசனை.

2

லொவெனா என் தோழி. பழைய தெய்வங்களைக் கும்பிடும் ஒரு சிறு வட்டத்தில் இருவரும் இருந்தோம். (சூனியக்காரிகள் என்று நினைக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.) ஒவ்வொருவருக்கும் ஒரு நிழல் புத்தகம் உண்டு. பூசை, மூலிகை, கனவு எல்லாவற்றையும் சொந்தக் கையால் எழுத வேண்டும். அடுத்தவள் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் யாருடையது என்று குறிக்க வேண்டும். ஆள் போனதும் எரித்துவிட வேண்டும்.*

* எரிக்காவிட்டால் சாமி ஒன்றும் செய்யாது. உயிரோடிருப்பவர்களுக்குத்தான் ஆபத்து.

லொவெனாவின் புத்தகம் எங்கள் எல்லோருடையதையும்விட அழகு. மான்தோல் அட்டை, தேன்மெழுகு தடவிய நூல், ஓரமெல்லாம் பச்சை மையில் கொடி. எனக்குப் பொறாமை. அதை மறைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், எடுபடவில்லை.

புற்றுநோய். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எரிச்சிடுவேல்ல?"

"எரிக்கிறேன்டி."

"புரட்டிப் பாக்காம எரிக்கணும். உனக்குக் கை சும்மா இருக்காது."

"சத்தியமா பாக்கமாட்டேன், போதுமா?"

3

பார்த்தேன்.

நடுவில் ஒரு தாள். அவள் மகள் கெர்ராவின் செம்பட்டை முடியை எழுத்துகளைச் சுற்றித் தைத்திருந்தாள். கெர்ரா ஆறு வயதில் காய்ச்சலில் போனவள். பிரான் அப்போது மீன்படகில் இருந்தான். எழுத்து எங்கள் வட்டத்தின் மறைவெழுத்து, வெளியாளுக்குப் புரியாது.

'மூன்று நாள் காய்ச்சல். டாக்டரைக் கூப்பிடவில்லை. கஷாயமும் மந்திரமும் போதும் என்றிருந்தேன். அன்று காலைதான் காய்ச்சல் வந்தது என்று பிரானிடம் பொய் சொன்னேன். பிள்ளையைக் கொன்றது நான்.'

இந்த இடத்தில் 'அவளை நான் மன்னித்...' என்று எழுதி நிறுத்திவிட்டேன். மன்னிக்க நான் யார்?

4

அடக்கம் முடிந்த மறுநாள் காலை பிரான் வந்தான். வழக்கம்போல் கையில் இரண்டு கானாங்கெளுத்தி மீன்.

"அவ புத்தகம் உங்கிட்டதான் இருக்குன்னு தெரியும். எரிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நல்லவேளை. உங்க மந்திரம் தந்திரமெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க, நான் சர்ச்சுக்குப் போறவன். அந்த ஒரு தாள மட்டும் குடு. அவ தைக்கறப்ப பாத்திருக்கேன், பிள்ளையோட முடி வேற எங்கயும் இல்ல."

எழுத்து புரியாதே என்ற தைரியத்தில் கிழித்துக் கொடுத்தேன். (இங்கே என்னைக் கொஞ்சம் புத்திசாலியாக எழுதியிருக்கலாம்.)

முடியை ஒரே ஒரு விரலால் தடவினான். பிறகு தாளை என் பக்கம் திருப்பினான்.

"உனக்கு இந்த எழுத்து தெரியும்ல? பிள்ளையப் பத்தி என்னமோ எழுதியிருக்கா. படிச்சுச் சொல்லு."

5

முடிவு ஒன்று: ஒரு தாலாட்டை இட்டுக்கட்டிச் சொல்கிறேன். அதை மனப்பாடம் செய்து, வருஷா வருஷம் கெர்ராவின் கல்லறையில் சொல்கிறான்.

முடிவு இரண்டு: உள்ளபடி படிக்கிறேன். மனைவியைப் புதைத்த மண் இன்னும் ஈரம். அதற்குள் அவளை இன்னொரு முறை இழக்கிறான்.

முடிவு மூன்று: ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கிறேன். மூன்றாம் பகுதியில் உங்களிடம் செய்த மாதிரி. 'மரகதத்தின் கஷாயம்' என்றுதான் எழுதியிருக்கிறாள். மரகதம் நான். அந்தக் கஷாயம் என் புத்தகத்தைப் பார்த்து அவள் எழுதிக்கொண்டு போனது. எந்தக் காய்ச்சலும் மூன்று நாளில் இறங்கும் என்று அதற்குக் கீழே எழுதி வைத்தவளும் நான்தான்.

சத்தியத்தை மீறிப் புரட்டியது இதற்காகத்தான். என் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க.

நான்காவதாக ஒன்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பிரான் தாளை நீட்டியபடி நிற்கிறான். அதில் இருப்பது முழுவதும் இப்போது உங்களுக்கும் தெரியும். என் நாற்காலியில் வந்து உட்காருங்கள்.

"மெதுவாவே படி," என்கிறான். "அவ எழுதுனத அப்படியே சொல்லு, ஒரு வார்த்த விடாம."