அரை மண்டையோட்டில் வெண்குருதி

மாவனல்லை நிலாம் நானாவுக்குச் செவ்வாய்க் கிரகத்தின் தட்பவெப்பம் அத்துப்படி. சனிக்கிரகத்து வளையம் எதனால் ஆனது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் டக்கென்று சொல்லுவார். தன் வீட்டுப் பின்வளவுக் கொடியில் என்ன காய்கிறது என்று கேட்டால் மட்டும் மனிசன் திருதிருவென்று முழிப்பார்.

தொழில் என்னவோ புடவைக்கடைதான். ஆனால் ஊரில் அவருக்கு மரியாதை தேடித் தந்தது சாரமும் சீத்தையும் அல்ல. கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றில் ஆறு வருஷமாக 'நட்சத்திரத் தபால்' என்று அரைப் பக்கம் எழுதி வந்தார். எந்த நாட்டில் என்ன விண்வெளிப் படம் எடுக்கிறார்கள், டிராகன் கதை எழுதும் எந்த எழுத்தாளருக்கு எந்த விருது கிடைத்தது, எந்தப் படத்தின் முடிவு சரியில்லை என்று ரசிகர்கள் எப்படி அடித்துக்கொள்கிறார்கள், எல்லாம் அதில் வரும். பள்ளிவாசல் வாசலில் கூட ஆட்கள் நிறுத்திவைத்து, "என்ன நானா, வேற்றுலகவாசிகள் எப்ப வாறாங்களாம்?" என்று கேட்பார்கள். நானாவும் ஏதோ அவர்களோடு காலையில்தான் டெலிபோனில் பேசியவரைப் போலப் பதில் சொல்லுவார்.

இதில் ஒரு சின்ன விஷயம். இந்த ஆறு வருஷத்தில் அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. மாவனல்லைக்கு அந்தப் படங்கள் வருவதில்லை. சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனால் லொறியோடு திரும்பிவிட வேண்டும். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் பழைய இங்கிலீஷ் சஞ்சிகைகள்தான் அவருடைய முதல். 'அந்தக் காட்சியைக் கண்டபோது மெய் சிலிர்த்தேன்' என்று அவர் எழுதினால், சிலிர்த்தது லண்டன்காரன் என்று அர்த்தம். இந்தச் சங்கதி தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி ரஹ்மா. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

1998 ஜனவரியில் ஒரு சஞ்சிகை கையில் கிடைத்தது. புதிதாக வந்த ஒரு படத்தைப் பற்றி அதில் நாலு பக்கம் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். நானா அதற்கு 'இரட்டை நிலாக் கோள்' என்று தமிழில் பெயர் வைத்து, உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

'அக்கோளின் மரங்களில் இலை இல்லை. ஒவ்வொரு மரத்தின் உடலிலும் சரிந்த காயம். அந்தக் காயத்திலிருந்து வெண்குருதி கசிந்து, என்றோ அழிந்துபோன விலங்கொன்றின் அரை மண்டையோட்டில் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. நீலநிறக் கையொன்று நாள்தோறும் வந்து காயத்தைப் புதுப்பிக்கிறது. ஆயினும் மரம் சாவதில்லை. மனிதக் கற்பனை இதுவரை தொடாத எல்லை இது. மரமும் கையும் முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் படைக்கப்பட்டவை. பார்த்த நான் பேச்சிழந்தேன்.'

பார்த்தது பொய். பேச்சிழந்தது மெய். எழுதி முடித்தபோது அவருக்குக் கையெல்லாம் புல்லரித்திருந்தது. தினமும் காயப்படுத்தியும் சாகாத மரம்! இப்படியெல்லாம் யோசிக்க ஒரு மூளை வேண்டாமா என்று வியந்து வியந்து அன்றைக்கு அவர் சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. கித்துல்கல பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து சுதர்ஷினி என்ற பெண் எழுதியிருந்தாள்.

'மதிப்புக்குரிய ஐயா, நீங்கள் எழுதிய படத்தை எங்கள் தோட்டத்தில், பத்தாம் நம்பர் காட்டில்தான் எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் எட்டு நாள் இருந்தார்கள். அந்த நீலக் கை என் அம்மா வெள்ளையம்மாவின் கை. கூடாரத்துக்குள் வைத்துப் பெயின்ட் பூசினார்கள். மரம் றப்பர் மரம். ஐயா எழுதிய பிறகு, கங்காணி அந்தப் பக்கத்தை வெட்டி, றப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோர் சுவரில் ஒட்டிவிட்டார். அம்மா அங்கே டீ தூக்கத்தான் போனாள், மற்றதெல்லாம் புளுகு என்கிறார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னது பெரியது எல்லாம் அம்மாவைக் "கம்ப்யூட்டர்" என்று கூப்பிடுகிறது. அம்மா இப்போது யாரோடும் பேசுவதில்லை. ஐயா ஒரு வார்த்தை எழுதினால் போதும்.'

நானா கடிதத்தைச் சத்தமாக வாசித்தபோது ரஹ்மா பின்வளவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் கொடியிலிருந்து எடுத்த நாலு றப்பர் ஷீட். நின்று கேட்டாள். பிறகு ஷீட்டை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அல்லாவே! மண்டையோடு மண்டையோடு எண்டு நீங்க எழுதினது பால் வடியுற தேங்காச் செரட்டையவா? ஏங்க, வாப்பா எனக்குத் தந்த முப்பது மரம் நம்மட வளவுல ஈக்கி. நாளாந்தம் ஒராள் வந்து வெட்டிட்டுப் போறான். ஒரு நாளாவது ஜன்னலத் தொறந்து பாத்தீக்கீங்களா?"

நானா தான் எழுதியதை எடுத்து மறுபடி வாசித்தார். சிரட்டை! சரிந்த வெட்டு! மாசி மாதம் இலை கொட்டி நிற்கும் மரம்! பிறந்ததிலிருந்து றப்பர்ப் பால் நாற்றத்துக்குள் வளர்ந்த மனிசன், அதே மரத்தை லண்டன்காரன் சொன்னதும் வேற்றுக்கிரகம் என்று நம்பி, சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருக்கிறார்.

"பிந்திக் கிடைத்த தகவலின்படி எண்டு ரெண்டு வரி போட்டா முடிஞ்சுதானே?" என்றார் மெதுவாக.

"அப்ப, பாத்தேன் பாத்தேன் எண்டு எழுதின மனிசனுக்கு ஏன் தெரியல்ல எண்டு கேப்பாங்களே. அதுக்கு என்ன செல்லப் போறீங்க?" ரஹ்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "உங்கட பேரக் காப்பாத்த அந்தப் பொம்புளைய விட்டுறாதீங்க. ஒரு தரமாவது போய்ப் பாத்துட்டு எழுதுங்க."

நானாவுக்கு அது சுருக்கென்று பட்டது. ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த அரைப் பக்கம் ஒன்றுதான். 'பார்க்காமலே எழுதினேன்' என்று ஒரு தடவை வாயைத் திறந்தால் அதோடு சரி. பள்ளிவாசல் வாசலில் நின்றவர்களே பகிடி பண்ணுவார்கள். பத்திரிகை ஆசிரியரும் அந்த இடத்தில் ராசிபலனைப் போட்டுவிடுவார். ஆனாலும் கொழும்பில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லிவைத்து அந்தப் படத்தின் வீடியோ கெசெட்டை எடுப்பித்தார். அதை ஓட்ட ஒரு டெக்கை வாடகைக்கு வாங்கினார். எப்படியாவது பட்டும் படாமலும் சமாளித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார். வழியில் செக்பொயின்டில் ஆமிக்காரன் டெக்கைத் தட்டிப் பார்த்து, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான், "மொகத மேக?" "டெக் எகக் மாத்தயா, ஃபில்ம் பலன்ட" என்றார் நானா. படம் பார்க்க என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் நிஜம்.

பத்தாம் நம்பர் காட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. சுதர்ஷினி வழிகாட்டிவிட்டு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக்காம்பராவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். மரமெல்லாம் இலை கொட்டி நின்றது. வெயில் தடையில்லாமல் இறங்கி, ஒவ்வொரு மரத்தின் நிழலையும் கோடு கோடாய்ச் சரிவில் போட்டிருந்தது. நடுவில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, மெலிந்த உடம்பு, மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தாள். வெட்டுவாயில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போட்டாள். கத்தியை வைத்தாள். நூல் மாதிரி ஒரு சீவல் சுருண்டு விழுந்தது. அவ்வளவுதான், அவள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

நானா அவள் வெட்டிய மரத்தடியிலேயே நின்றுவிட்டார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்த வெட்டு நெடுக ஊசிமுனை ஊசிமுனையாய் வெள்ளை பூத்தது. பூத்தது ஒன்றோடொன்று சேர்ந்தது. கோடாகி, சரிவில் இறங்கி, தகரப் பீலியின் நுனியில் ஒரு கணம் தயங்கிச் சிரட்டைக்குள் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் அவருக்குப் பின்னால் மலை முழுக்க நூறு மரம் அப்படியே சொட்டிக்கொண்டிருந்தது. யா அல்லாஹ், வெண்குருதியைப் பற்றி அந்த லண்டன்காரன் ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லையே! இத்தனை வருஷம் தான் வாயைப் பிளந்த எந்தக் கிரகமும் இதற்குக் கிட்டவும் வராது என்று நானாவுக்குத் தோன்றியது.

"யாருங்க அது? மரத்துல கை வைக்காதீங்க!" என்றாள் வெள்ளையம்மா.

அவர் யாரென்று சொன்னார். அவள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த ஐயா? வீடு எங்கிட்டு?"

"மாவனல்லை."

"அங்கிட்டு றப்பர் இல்லீங்களா?"

"ஈக்கி. எங்கட வளவுலயே ஈக்கி."

"அப்ப நம்ம மரத்த நமக்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லணும்ங்களா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "பட்டைய மட்டும், உள்ள எலும்பு தெரியாம வெட்டணும்ங்க. ஒரு நூல் ஆழமாப் போனா மரம் புண்ணாப் போயிரும். முந்நூறு மரத்துல இன்னிய வரைக்கும் ஒண்ணு புண்ணானதில்ல. அதுக்குத்தான் படம் புடிச்ச அந்தத் தொரை எங் கையக் கேட்டான். அதப் போயி நீங்க மெசினு செஞ்சதுன்னு எழுதிப்புட்டீங்களே, ஐயா."

நானா அவளுக்குப் பின்னால் அடுத்த மரத்துக்கு நடந்தார்.

பின்னேரம் றப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்து முடிந்ததும், டீவி இருந்த புள்ளைக்காம்பராவில் லயமே கூடிவிட்டது. ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு அழகமுத்துக் கங்காணி உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைத் துண்டைக் கிழியாமல் உரித்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். வெள்ளையம்மா கடைசியில் கதவோரமாக நின்றாள். யாரோ "கம்ப்யூட்டர் வந்துருச்சுடோய்" என்றதும் சிரிப்பு எழுந்தது. அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

படம் ஓடியது. முதலில் ஏதோ கப்பல், நெருப்பு, இங்கிலீஷ் பேச்சு. பிறகு திரை ஊதா நிறமானது. வானத்தில் ஒன்றல்ல, இரண்டு நிலா. அதற்குக் கீழே ஒரு மலை.

"அடியாத்தே! நம்ம பத்தாம் நம்பரு!" என்று ஒருத்தி வீறிட்டாள்.

அந்த மலையைத் தினமும் திட்டிக்கொண்டு ஏறியவர்கள் அத்தனை பேரும் வாய் திறந்தபடி இருந்தார்கள். ஒரு நீலக் கை திரைக்குள் நீண்டது. மரத்தைத் தொட்டது. சீவல் சுருண்டு விழுந்தது. வெள்ளை பூத்தது. நானா ஆறு வருஷமாக எழுதியதெல்லாம் இதற்காகத்தானோ என்று நினைத்தார். அவர் வாழ்க்கையில் பார்த்த முதல் வேற்றுக்கிரகம், காலையில் அவர் நின்ற இடம். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட மனம் வரவில்லை.

அழகமுத்து எழுந்து டெக்கை நிறுத்தச் சொன்னார். "மல நம்மளுதுதான், ஒத்துக்கிறேன். அதுக்காக அந்தக் கை இவ கையாயிருமா? நீலக் கை மனுசனுக்கு இருக்கா? ரெண்டு நெலா எங்க இருக்கு? எல்லாம் கம்ப்யூட்டரு. பேப்பர்லயே போட்டிருக்கு!" கையிலிருந்த துண்டை உயர்த்திக் காட்டினார். "அந்த ஐயாவே இங்கன இருக்காரு. உலகத்துல வந்த அம்புட்டுப் படத்தையும் பாத்தவரு. அவரே சொல்லட்டும்."

எல்லா முகமும் நானாவின் பக்கம் திரும்பியது. வெள்ளையம்மா மட்டும் நிமிரவில்லை. பொத்தாம் பொதுவாய் ஏதாவது சொல்லித் தப்பிவிடலாம். பஸ்ஸில் வரும்போது அதற்கு நாலு வசனம் தயார் பண்ணியும் வைத்திருந்தார். வாயைத் திறந்தார், அதில் ஒன்றுகூட வரவில்லை.

"நான் ஒரு படமும் பாத்ததில்லை" என்றார்.

"என்னங்க?"

"ஆறு வருஷமா எழுதுறேன். ஒண்டையும் பாத்ததில்லை. வெள்ளைக்காரன் எழுதினதப் பாத்துத்தான் நான் எழுதினது. அவனுக்கும் றப்பர் தெரியாது, எனக்கும் தெரியல்ல. நான் படம் எண்டு பாத்ததே இப்ப, உங்களோட இருந்துதான். அந்தப் பேப்பர்ல ஈக்கிறது பொய். நான் எழுதின பொய். அடுத்த கிழமை இதையே எழுதுவேன். அவங்க போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி." கதவோரமாகத் திரும்பினார். "வெள்ளையம்மா, என்னைய மன்னிச்சுக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. அழகமுத்து கையிலிருந்த துண்டைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார். பிறகு அதை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தன் நாற்காலியைத் தூக்கி ஒரு பக்கமாக நகர்த்தினார்.

"அங்கன ஏன் நிக்கிற? முன்னுக்கு வா, வெள்ளையம்மா" என்றார்.

அவள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். நானா கெசெட்டைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டார். மறுபடியும் இரண்டு நிலா வந்தது, மலை வந்தது, கை வந்தது. வெள்ளையம்மா அதுவரை அந்தக் காட்சியை நிமிர்ந்து பார்த்திருக்கவே இல்லை. இப்போது கண்ணிமைக்காமல் பார்த்தாள். திரையில் கத்தி நகர நகர, மடியில் கிடந்த அவள் விரல்களும் தன்பாட்டில் அசைந்தன. வெள்ளைக்கோடு சரிவில் இறங்கி முதல் சொட்டு விழுந்ததும், அவள் மெல்ல நானாவின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நான் இம்புட்டு அழகாவா வெட்டுறேன்?"

"இதவிட அழகா" என்றார் நிலாம் நானா. "காலையில நான் பாத்தேனே."