இடக்கைப் பிடி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் ஏதோ இருப்பதாக உங்களை ஏமாற்ற மாட்டேன். அண்ணனின் மேனேஜர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் செய்த கத்தியை, தான் செய்ததாகச் சொல்லி அண்ணன் அவருக்குப் பரிசளித்தான். அவ்வளவுதான் கதை. மீதி என் வயிற்றெரிச்சல்.

2

முதல் முயற்சி: "மாலை வெயிலில் அந்தக் கத்தி வெள்ளியாய் மின்னி..."

மின்னவில்லை. பழைய ரம்பத் தகட்டை வெட்டிச் செய்தது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது ஏறிய கறுப்பை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். பிடி, உடைந்த கட்டிலின் கால். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, பிடித்துப் பார்த்து, மறுபடி ராவி, விடுமுறையெல்லாம் மொட்டை மாடியில் இதே பிழைப்பு. (வீட்டின் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கியவள் மரத்தூளில் தும்மக் கூடாது என்பது அப்பாவின் கட்சி.)

நான் இடக்கைக்காரி. பிடியின் புடைப்பு என் உள்ளங்கைக் குழியில் போய் உட்காரும். இதை நினைவில் வையுங்கள். அண்ணன் வைக்கவில்லை.

3

அண்ணனை எழுதுவதில்தான் சிக்கல். வில்லனாக்கினால் வேலை சுலபம். ஆனால் இடக்கையால் எழுதியதற்காக என்னை அடித்த வாத்தியாரிடம் சண்டைக்குப் போனவன் அவன்தான். (இந்த வரியை எடுத்துவிடலாமா? கோபம் இளகுகிறதே. வேண்டாம், இருக்கட்டும். அவன் என்பதால்தான் இத்தனை கோபம்.)

4

மேனேஜர் கத்தியை வலக்கையில் பிடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"நல்லாத்தான்பா இருக்கு. கையில உக்கார மாட்டேங்குதே?"

"இதோ, இப்பவே சரி பண்ணிடுறேன் சார்."

அண்ணன் அடுக்களைக்கு ஓடி வந்து கத்தியை என்னிடம் கொடுத்தான். அரத்தையும் மாடியிலிருந்து எடுத்து வந்திருந்தான்.

"அந்தப் புடைப்ப மட்டும் கொஞ்சம் ராவிக் குடு."

"நீதான செஞ்ச? நீயே ராவு."

"கத்தாதடி. ப்ரமோஷன் விஷயம்."

"அந்தப் புடைப்பு எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

அப்பா எட்டிப் பார்த்தார். "ஒரு கத்திதானம்மா? உனக்கு இன்னொன்னு செஞ்சுக்கத் தெரியும். அவனுக்குத் தெரியாதுல்ல?"

இந்த உண்மையைக் கூடத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் என்னவாம்!

5

முடிவு ஒன்று: ராவிக் கொடுக்கிறேன். ப்ரமோஷன் வருகிறது. எல்லோரும் சிரித்து... சீ.

முடிவு இரண்டு: கூடத்துக்குப் போய், "சார், அது என் கைக்கு நான் செஞ்சது" என்கிறேன். அண்ணன் தலைகுனிகிறான். (எழுதும்போது கைதட்டல்கூடக் கேட்டது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று, இதுவரை எழுதியதைப் படித்த தோழியின் உபயம்: "அண்ணன் மன்னிப்புக் கேக்கட்டும்டி. இல்லன்னா அந்தப் பொண்ணு ரொம்பக் கோவக்காரியா தெரியுறா."

தெரியட்டுமே.

6

இப்படிப்பட்ட கதைகளில், இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் ஒப்படைப்பது வழக்கம். மாட்டேன். நான் செய்ததைத் தூக்கி இன்னொருவர் கையில் கொடுப்பதுதானே இங்கே பிரச்சினை?

கூடத்தில் மேனேஜர் காத்திருக்கிறார். அண்ணன் அரத்தை நீட்டியபடி நிற்கிறான். கத்தி என் இடக்கையில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வரியை எழுத வேண்டுமென்றால் அதைக் கீழே வைத்தாக வேண்டும். பேனா பிடிப்பதும் இதே கைதான்.

வைப்பதாக இல்லை.