14/2, மருத்துவமனைப் பின்தெரு

"இந்த வீட்டுக்குக் குடிபோறவங்க யாரும் உயிரோட திரும்ப மாட்டாங்க போலிருக்கே" என்றாள் வானொலி.

வானொலி என்பது அந்தப் புள்ளிவிவர அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். இறப்புப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஏற்றிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவது அவள் சுபாவம். அடுத்த மேஜையில் இருந்தவன் நிமிரவில்லை. படிவத்தில் மருத்துவர் எழுதிய காரணத்தைப் படித்து, அதற்குரிய குறியீட்டைப் போடுவது அவன் வேலை. நெஞ்சடைப்புக்கு ஒன்று, சாலை விபத்துக்கு ஒன்று. புற்றுநோய் என்றால் பெரும்பாலும் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். கூட வரும் எண் உடம்பில் எந்த இடம் என்று சொல்லும். சி ஐம்பது மார்பகம். மனைவி போய் எட்டு மாதமாகிறது. வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அந்த எண்ணையும் மற்ற எண்களைப் போலவேதான் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு முறைகூடப் பேனா தயங்கியதில்லை. அதுதான் அவனுக்கே கொஞ்சம் அச்சமாக இருந்தது.

"சார், காதுல விழுதா? ஒரே கதவு எண். பதினாலின் கீழ் ரெண்டு, மருத்துவமனைப் பின்தெரு. ஆறு வருஷத்துல நாப்பத்து மூணு பேர். அத்தனையும் கேன்சர்."

"நாப்பத்து மூணு பேர் இருக்க அது வீடா, ரயில் பெட்டியா?" என்றார் எதிர் மேஜைக்காரர்.

"தண்ணியில ஏதோ கோளாறா இருக்கும். நான் அந்தப் பக்கம் போனா இனிமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவேன்."

"நீ பேச்சை நிறுத்தினாலே ஊருக்குப் பாதி நோய் குறையும், போ."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். அந்த வீடு அவனுக்குத் தெரியும். மாடியில் வரிசையாக ஒன்பது அறைகள், கோடியில் ஒரே குழாய். கைப்பிடிச் சுவர் நெடுகப் பெண்கள் தலையில் கட்டும் துணிகள் காய்ந்துகொண்டிருக்கும். ஐந்தாவது அறையில் அவனும் மனைவியும் ஏழு மாதம் இருந்தார்கள்.

அவர்கள் கிழக்குக் கோட்டத்துக்காரர்கள். அங்குள்ள கிளை அலுவலகத்தில்தான் அவனுக்கு வேலை. அந்த ஊர் மருத்துவமனையில் புற்றுநோய்க் கட்டியைப் படமெடுக்கும் ஓர் இயந்திரமும் ஒரு மருத்துவரும் கொண்ட சின்னப் பிரிவு உண்டு. அவளுக்குக் கட்டி இருப்பதை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். அதற்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது. சிகிச்சைக்கு ஏழு மணி நேரம் பேருந்தில் தலைநகருக்கு வர வேண்டும். விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு இரண்டு பைகளோடு வந்தார்கள். மருத்துவமனைக்குப் பின்னால் அறை பிடித்த அன்றே, மாடியக்கா என்று எல்லோரும் கூப்பிடும் வீட்டுக்காரம்மா அவனை ஓரமாக அழைத்துச் சொன்னாள்.

"தம்பி, ஆஸ்பத்திரி அட்டையில இந்த வீட்டு விலாசத்தையே எழுதுங்க. வெளியூர்னு எழுதினீங்க, ஒவ்வொரு தடவையும் உங்க ஊர் டாக்டர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வான்னு திருப்பி விடுவாங்க. கடிதத்துக்கு அலைவீங்களா, அந்தப் பொண்ணைப் பாப்பீங்களா?"

எழுதினான். அட்டையைப் பார்த்துவிட்டு மனைவி சிரித்தாள். "பரவாயில்லையே, கல்யாணமாகி நாலு வருஷத்துல தலைநகர்ல வீடு வாங்கிக் குடுத்துட்டீங்க."

அவள் இறந்தபோது அட்டையில் இருந்த விலாசமே இறப்புப் படிவத்துக்கும் போயிற்று. ஊருக்குத் திரும்ப அவனுக்குக் கால் வரவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டான். கொடுத்துவிட்டார்கள்.

அன்று மதியம் பிரிவுத் தலைவி எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டாள். எந்த எண்ணைக் காட்டினாலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கேட்பாள் என்பதால் அவளுக்கு 'ரெண்டு தசமம்' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம். வருடாந்தர அட்டவணையின் வரைவு மேஜைமேல் இருந்தது. ஐந்து கோட்டங்கள், ஆறு ஆண்டுகள், லட்சம் பேரில் எத்தனை பேர் புற்றுநோயால் இறந்தார்கள் என்ற கணக்கு. ஓரிடத்தில் முதியவர்கள் அதிகம், இன்னோரிடத்தில் இளையவர்கள் அதிகம் என்பதால் ஒப்பிடுவது தப்பாகிவிடக் கூடாதென்று வயதையும் சமன்செய்து போட்ட கணக்கு.

"தலைநகர் ஏறுது. கிழக்கு இறங்குது. அறுபத்தொன்று புள்ளி இருபதிலிருந்து ஐம்பத்திரண்டு புள்ளி முப்பத்தஞ்சு. ஆறே வருஷத்துல. நல்ல செய்தி எழுதுற பாக்கியம் நமக்கு எப்பவாவதுதான் கிடைக்கும்" என்றாள். பிறகு சுகாதார இயக்குநரகத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்தாள். இந்தப் போக்கு உறுதியானால், கிழக்கில் உள்ள படமெடுக்கும் இயந்திரத்தையும் மருத்துவரையும் தேவை அதிகமுள்ள தலைநகருக்கு மாற்றிவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் அட்டவணை வேண்டும்.

அவனுக்கு மனைவியின் தங்கை நினைவுக்கு வந்தாள். அக்காவுக்கு வந்ததால் அவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிழக்கிலேயே ஒரு தையல் கடையில் வேலை செய்கிறவள். ஒரு நாள் விடுப்புக்கே முதலாளி முகத்தைத் தூக்குவார். ஏழு மணி நேரம் பேருந்தில் வந்து, வரிசையில் நின்று, ஏழு மணி நேரம் திரும்பிப் போவாள் என்று யார் நம்புவார்கள்? இந்தத் தடவை பார்த்துக்கொள்ளலாம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவாள். அவள் அக்காவும் அப்படித்தான் ஒரு வருடம் தள்ளிப்போட்டாள்.

எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான்.

"என்ன?"

"கிழக்கு இறங்கல மேடம். அவங்க இங்க வந்து சாகறாங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அவன் வீட்டைச் சொன்னான், அட்டையைச் சொன்னான். தலைநகர் மருத்துவமனையில் புற்றுநோய்க்கென்று புதுக் கட்டடம் திறந்து ஆறு வருடம் ஆகிறது என்பதையும் சொன்னான்.

"ஊகம் வேண்டாம். ஆதாரம்?"

"அந்த வீட்டு அஞ்சாம் நம்பர் அறையில நான் இருந்தேன்."

அவள் வரைவை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கே ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

"ஒரு விலாசத்தை நாமா திருத்த முடியாது. தகவல் கொடுத்தவரே தப்புன்னு எழுத்துல கொடுக்கணும். ஒரே ஒரு கடிதம் வந்தாப் போதும், அந்த விலாசத்துல இருக்கற மொத்தப் படிவத்தையும் பிரிச்சுப் பாத்தாகணும், அது விதி. ஆனா எழுதறவர் பொய்த் தகவல் கொடுத்ததா ஒத்துக்கறார். அதுவும் இந்தத் துறை ஆளே. உங்க பணிப்பதிவேட்டுல ஏறும். பதவி உயர்வு நிக்கும்."

"தெரியும் மேடம்."

"நில்லுங்க. எத்தனை மாசம் இருந்தீங்க?"

"ஏழு."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "ஆறு மாசத்துக்கு மேல இருந்தா அதுதானே வழக்கமான இருப்பிடம்? விதியே அப்படித்தான் சொல்லுது. நீங்க பொய்யே எழுதல. எதுக்குய்யா வலியப் போய் தலையைக் கொடுக்கறீங்க? வேற குடும்பம் யாராவது எழுதிக் கொடுக்கட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவனுக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்றுகூட இருந்தது. எட்டு மாதமாக அவன் செய்துவந்தது அதுதான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், தூங்கு என்றால் படுத்தான்.

"சிகிச்சைக்காக வந்து தங்கறவங்க அதுல சேர மாட்டாங்க மேடம். அதே விதியில அடுத்த வரி."

"எனக்கே விதி சொல்லிக் கொடுக்கறீங்களா?" என்றாள். ஆனால் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். வரி இருந்தது. மூடி வைத்தாள். "படிவத்தை எடுத்துட்டு வாங்க."

பதிவறை கீழ்த்தளத்தில். படிவ எண் அவனுக்கு மனப்பாடம். இருந்தும் படிவக் கட்டை இறக்கிப் பிரிக்க நேரமாயிற்று. முப்பத்தேழாவது தாள். வயது இருபத்தொன்பது. காரணம் மருத்துவரின் கிறுக்கலில். அதன் பக்கத்தில் யாரோ ஒரு குறியீட்டாளர் சிவப்பு மையில் போட்ட சி ஐம்பது. விலாசம் அவன் கையெழுத்து. தகவல் அளித்தவர், கணவர், அதுவும் அவன் கையெழுத்து. அவள் உயிர் போய் ஒரு மணி நேரத்துக்குள், மருத்துவமனை எழுத்தரின் மேஜை விளிம்பில் வைத்து எழுதியது. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. பதினான்கின் கீழ் இரண்டு என்பதில் அந்தச் சாய்கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல இருந்தது. எப்படி அவ்வளவு நேராக எழுதினான்? அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே நெடுநேரம் நின்றான். அழுகை வரவில்லை. ஆனால் திருத்தக் கடிதத்தில் 'நான் அளித்த விலாசம் தவறானது' என்று எழுதத் தொடங்கியபோது எழுத்துகள் கோணிக்கொண்டு போயின. மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவதில் எழுதி முடித்தான்.

மேடம் வாங்கிப் படித்தாள். முத்திரை வைத்தாள். பிறகு, வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை அட்டவணை அனுப்பியே பழகியவள், இயக்குநரகத்துக்கு மூன்று வாரம் அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதினாள்.

மறுநாள் மாடியக்கா வீட்டுக்கு அவனும் வானொலியும் போனார்கள். அவன் படியேறாமல் கீழேயே நின்றான். மாடியக்கா தானே இறங்கி வந்தாள்.

"வா தம்பி. இளைச்சுப் போயிட்டே" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் பயந்தாள். "நான் சொல்லித்தானே எல்லாரும் எழுதினாங்க? என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்களா?"

"உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கக்கா. எழுதினது நான்."

அவளிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. அறைக்கு வருகிறவர்களின் சொந்த ஊரும் உறவினர் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன. ஏதாவது ஆகிவிட்டால் யாருக்காவது சொல்ல வேண்டுமே என்று அவளாக எழுதி வைத்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த வானொலி அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். திரும்பும்போது அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் மட்டும், "தண்ணியில கோளாறுன்னு சொன்னேன் பாருங்க. என் வாயில மண்ணு விழ" என்றாள்.

விதிப்படி அந்த ஒரு வீட்டைப் பார்த்தால் போதும். மேடம் தெருவையே பார்க்கச் சொன்னாள். அதே போல நான்கு வீடுகள் இருந்தன. எதிர் மேஜைக்காரர் உட்பட எல்லோரும் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொலைபேசியில் பேசினார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு கிழவர், மகன் பேரைச் சொல்லிக் கேட்ட முதல் அரசாங்க ஆள் நீதான் என்று சொல்லி அரை மணி நேரம் விடவில்லை. ஆறு ஆண்டில் நூற்று எண்பத்தாறு பேர். அதில் நூற்று முப்பத்தொருவர் கிழக்குக் கோட்டம். முதல் ஆண்டு ஐந்து பேர். கடைசி ஆண்டு நாற்பத்து நான்கு பேர்.

கிழக்கின் ஜனத்தொகை நான்கு லட்சம்தான். கணக்கு மாறியது. கடைசி ஆண்டு ஐம்பத்திரண்டாக இருந்தது அறுபத்து மூன்றுக்கு வந்தது. இறங்கிக்கொண்டிருந்த கோடு மெல்ல ஏறும் கோடாயிற்று. தலைநகர் அவ்வளவொன்றும் ஏறவில்லை. மேடம் தன் நல்ல செய்தியைத் தானே கோடு போட்டு அடித்தாள்.

"அந்த இடத்துல வர வேண்டிய வரியை நீங்களே எழுதுங்க" என்றாள் அவனிடம்.

எழுதினான். கிழக்குக் கோட்டத்தில் இறப்பு வீதம் ஆறாண்டுகளாகக் குறையவில்லை. சிகிச்சைக்காக வெளியேறி வேறிடத்தில் இறந்தவர்கள் இதுவரை அக்கோட்டத்தின் கணக்கில் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. இயந்திரத்தை மாற்றும் உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஒன்று. தவறான தகவல் அளித்ததற்கு விளக்கம் கேட்டு அவன் பெயருக்கு ஒன்று. இரண்டாவதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்து மச்சினிக்குத் தொலைபேசியில் பேசினான். பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க அத்தான். என்ன அதிசயமா?"

"உங்க ஊர் மிஷினைத் தூக்கறதா இருந்துச்சு. இப்போ தூக்கல."

"ஏன், துரு பிடிச்சிருச்சா?"

"உங்க பக்கம் அதிகமா சாகறாங்கன்னு கணக்கு வந்திருக்கு."

"சரியாப் போச்சு. இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க? நாங்க சாகறதை இவ்வளவு சந்தோஷமாச் சொல்ற முதல் ஆள் நீங்கதான் அத்தான்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் அது வந்ததே தெரிந்தது. எதிர்முனையில் அவள் சிரிக்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். இயந்திரச் சத்தம் விலகிப்போயிற்று.

"அந்தக் கணக்குல அக்கா இருக்காளா?"

"இருக்கா. முன்னாடி இங்க இருந்தா. இப்போ அங்க மாத்திட்டேன்."

"நீங்களேவா?"

"நானேதான்."

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அடுத்த செவ்வாய் எனக்குப் படம் எடுக்கற நாள். போக வேண்டாம்னுதான் இருந்தேன். அம்மாகிட்ட கடையில விடுப்பு இல்லன்னு சொல்லிட்டேன். நிஜத்துல பயம் அத்தான். அக்கா உக்காந்த அதே நாற்காலி."

அவன் படிக்கட்டில் உட்கார்ந்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போய்த்தான் ஆகணும்."

"தனியாப் போக மாட்டேன். நீங்க வர்றீங்களா?"

எட்டு மாதமாக அந்த ஊர்ப் பேருந்து நிற்கும் வரிசையைக்கூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை. ஏழு மணி நேரம். அந்தப் பேருந்து நிலையம். அந்த மருத்துவமனையின் பச்சை நிறக் கதவு.

"எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்றான்.

"ஒன்பதரை."

"ஒன்பதுக்கே வந்து நிக்கறேன். நீ லேட் பண்ணாம வா."