தெற்குக் கோல் பக்கம்

நான் சாப்பாட்டு அறைக்குள் கால் வைத்ததும் பேச்சு நின்றது. பெலிக்கன்ஸ் கிளப்பில் அப்படியெல்லாம் நடக்காது. பயிற்சி முடித்துவிட்டு வந்த ஒரு கூட்டம் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டக்காரர்கள் வாயை மூடுகிறார்கள் என்றால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பீர் தீர்ந்திருக்க வேண்டும்.

"டேய், சிசிடிவி வந்தாச்சுடா. வாயப் பூட்டிக்கோங்க," என்றது பின்பக்கம் ஒரு குரல். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தட்டில் பாஸ்தாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்திலிருந்த இரண்டு பேரும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய் வேறு மேஜையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அந்தப் பட்டப்பெயர் வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. என்னிடம் மனம் விட்டுப் பேசிய இரண்டு பேர் அடுத்தடுத்து அணியிலிருந்து கழற்றிவிடப்பட்டார்கள். மெரினிடம், அதாவது என்னிடம், பேசினால் அது நேராகக் கோச் காதுக்குப் போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். அதுதான் எரிச்சல்.

விளையாட்டு உளவியல் படித்தவளுக்கு இந்த ஊரில் வேலை என்று ஒன்று தானாக வந்து விழாது. நீச்சல் பிள்ளைகளிடம் பேசினேன். அவர்களைவிட அவர்கள் அம்மாக்களிடம்தான் அதிகம் பேசினேன். கோல்ஃப் ஆடுகிற ஒரு பையனிடம் பேசும்போது அவன் அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டப் பந்தய நாய் வளர்க்கிற ஒருவர், நாய்க்குக் கூட்டத்தைக் கண்டால் பயம், ஏதாவது செய்ய முடியுமா என்று உண்மையாகவே கேட்டார். இத்தனையும் தாண்டித்தான் பெலிக்கன்ஸ் என்னை எடுத்தது. அதுவும் இந்த சீசன் முடிகிற வரைக்கும்தான். ஆட்டக்காரர்கள் என்னிடம் வந்தால் அடுத்த வருடமும் உண்டு. வராவிட்டால், பெர்த் முழுக்க 'ஓட்டை வாய்' என்று பெயர் வாங்கிக்கொண்டு நாயிடமே போக வேண்டியதுதான். இந்தத் தொழிலில் அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் உரியாது.

என் முறை என்னவென்றால், நடை. இந்த ஊர் ஆண்களை எதிரெதிரே உட்காரவைத்து 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டால், 'நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. பக்கத்தில் நடந்தால், பார்ப்பதற்குப் புல்லும் கடற்காக்கையும் இருந்தால், தானாகக் கொட்டுவார்கள். அதனால் பயிற்சி முடிந்த கையோடு, குளித்துவிட்டு வீட்டுக்கு நழுவுவதற்குள், ஆளைப் பிடித்து மைதானத்தைச் சுற்றி நடப்பேன். யாருக்கும் கேட்காது. இந்த முறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

லாக்லன் டூஹியுடனும் அப்படித்தான் நடந்தேன். பகலில் வயரிங் வேலை, மாலையில் ஃபுல்பேக். சீசன் நடுவில் தெற்குக் கோல் பக்கம் ஒரு இடி வாங்கி நினைவு தப்பிக் கிடந்தவன். மூளை சரியாக இருக்கிறது, ஆடலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஃபுல்பேக்கின் வேலை பொல்லாதது. தலைக்கு மேல் பறக்கிற பந்தை அண்ணாந்து பார்த்தபடியே அது போகிற திசையில் ஓட வேண்டும். எதிரே எவன் பாய்ந்து வருகிறான் என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் கோழை. இந்த ஊரில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது.

"மெரின், நான் கண்ண மூடிக்கறேன்," என்றான் நடக்கும்போது. "பந்து மேல வர்றப்போ. ஒரு செகண்டுதான். ஆனா மூடிக்கறேன்."

"எப்பலேர்ந்து?"

"அந்த அடிக்கப்புறம்தான். தெற்குக் கோல் பக்கம்னா இன்னும் மோசம். யார்கிட்டயும் சொல்லிராதீங்க. இது தெரிஞ்சா ஃபைனல்ஸ்ல கோச் என்னை எடுக்க மாட்டாரு. எங்கப்பா குடும்பத்துல எல்லாருக்கும் டிக்கெட் வாங்கி வெச்சிருக்காரு."

"இங்க பேசறது நம்மளோட," என்றேன். எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம்தான். அவன் தலையாட்டினான்.

வியாழக்கிழமை அணியை அறிவித்தார்கள். லாக்லன் பெயர் இல்லை.

மறுநாள் வண்டி நிறுத்துமிடத்தில் என்னை வழிமறித்தான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"கோச் வார்விக் என்னைக் கூப்பிட்டு என்ன கேட்டாரு தெரியுமா? 'தெற்குக் கோல் பக்கம் போனா உனக்கு என்னடா ஆகுது?'ன்னு கேட்டாரு. நான் அத ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன்."

"லாக்லன், நான் மூச்சுகூட விடல."

"அப்ப அந்த கடற்காக்கா சொல்லிச்சா?"

அவன் போய்விட்டான். யாரோ என் பெயரைச் சொல்லி இந்தப் பையன் முதுகில் குத்தியிருக்கிறார்கள், அது யார் என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது என்று தோன்றியது.

என் சந்தேகம் கார்மெல் மேல் போனது. கிளப்பின் பிசியோதெரபிஸ்ட். அவள் அறை ஜன்னல் மைதானத்தைப் பார்த்திருக்கும். ஆட்டக்காரர்கள் தொடையைப் பிடித்துவிடச் சொல்லி அவளிடம் குப்புறப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் உளறுவார்கள். கோச் வார்விக்கோடு ஒரே காரில் வருவாள். போதாதா? அதற்கப்புறம் அவள் காபி குடித்தாலும் எனக்குச் சதியாகத் தெரிந்தது. ஜன்னல் திரையை இழுத்தால் ஏன் இழுக்கிறாள் என்று பார்ப்பேன். இழுக்காவிட்டால் ஏன் இழுக்கவில்லை என்று பார்ப்பேன்.

கடைசியில் ஒரு பொய்யைத் தூண்டிலாகப் போட்டேன். "கார்மெல், உன்கிட்ட மட்டும் சொல்றேன். அடிலெய்டுல ஒரு கிளப் என்னைக் கூப்பிட்டிருக்கு. போயிடலாம்னு இருக்கேன். வார்விக் காதுக்குப் போகக் கூடாது."

"அடிப்பாவி," என்றாள். "போகாது, போ."

விஷயம் வார்விக்கிடம் போனால் அவர் முகத்தில் தெரியும் என்று அடுத்த சில நாள் அவரையே நோட்டம் விட்டேன். எப்போதும் போலப் பல் குத்திக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை என் கார் முன் இருக்கையில் ஒரு டப்பா. கார்மெல் தன் கையால் செய்த லாமிங்டன் கேக். 'எங்க போனாலும் நல்லா இருடி. நான் யார்கிட்டயும் சொல்லல' என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தாள். அதைக் காரிலேயே உட்கார்ந்து தின்றேன்.

கார்மெல் இல்லையென்றால் யார்? இனி மறைந்து பார்ப்பதில் பிரயோஜனமில்லை என்று நேராக வார்விக்கின் அறைக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்த அன்று, 'பசங்க உன்கிட்ட என்ன பேசறாங்கன்னு எனக்கு வேணவே வேணாம்' என்று சொன்ன மனிதர். அதற்கப்புறம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காத கோச்சை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"லாக்லன் விஷயத்த உங்களுக்கு யார் சொன்னது?"

"அவனே சொன்னான்."

"அவன் சொல்லல."

"வாயால சொல்லல." மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "உக்காரு."

திரையில் முட்டை வடிவத்தில் எங்கள் மைதானம். அதைச் சுற்றி ஒரு கோடு, சுற்றுக்கு மேல் சுற்றாக. கோடு முழுக்கப் பச்சை. தெற்குக் கோல் பக்கம் வந்ததும் சிவப்பு. தாண்டினால் பச்சை. அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி சிவப்பு.

எனக்குப் புரிந்தது. பயிற்சியின்போது எல்லோரும் சட்டைக்குள் ஒரு இறுக்கமான பனியன் போடுவார்கள். முதுகில், தோள்பட்டை நடுவே, அதில் ஒரு சின்னக் கருவி இருக்கும். ஆள் எங்கே ஓடுகிறான், இதயம் எப்படி அடிக்கிறது என்று எல்லாம் அதில் பதிவாகும். குளிக்கப் போகும்போதுதான் கழற்றிப் பெட்டியில் போடுவார்கள். நானோ குளிக்கப் போவதற்கு முன்னால் பிடித்து நடக்க வைத்தவள்.

"ஆற அமர நடக்கறான். ஓடல, குதிக்கல," என்றார் வார்விக். "ஆனா அந்த இடத்துக்கு வந்தா மட்டும் நெஞ்சு, மூச்சு முட்ட ஓடறவன் மாதிரி அடிக்குது. அவன் அடிபட்ட இடம். இதுக்கு மேல எனக்கு யார் சொல்லணும்? மத்த ரெண்டு பேரும் இதே கததான். நான் உன்னைக் கேட்டேனா? ஒரு வார்த்த கேட்டேனா?"

"கேக்கல."

"நீயும் சொல்லல. உன் சத்தியம் அப்படியே இருக்கு." நாற்காலியில் சாய்ந்தார். "உண்மையச் சொல்லணும்னா, இந்த வருஷம் எனக்கு உருப்படியா ஏதாவது கிடைச்சுதுன்னா அது உன் நடைதான். ஓடறப்போ எல்லா நெஞ்சும் அடிக்கும். அதுல என்ன தெரியும்? உன்கூட சும்மா நடக்கறப்போதான்மா எவன் உடைஞ்சிருக்கான்னு தெரியுது. அடுத்த வருஷத்துக்கு உன்னை முழு நேரமா எடுத்துக்கறேன். நீ எப்பவும் போல நட. பனியன் கழட்ட வேணாம், அவ்வளவுதான். நீ வாயே திறக்க வேணாம்."

அந்த மனிதர் மோசமானவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அப்படி இல்லை. இப்படிப் பயத்தோடு ஓடுகிற பையனை ஃபைனல்ஸில் இறக்கி, அவன் இன்னொரு இடி வாங்கினால் அவன் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் பயத்தை லாக்லனே என்னோடு நடந்து நடந்து தன் வாயால் அவரிடம் சொல்லும்படி கொண்டுவந்திருப்பேன். அதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

முழு நேரம் என்ற சொல் காதில் இனித்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. இத்தனை வருடம் நான் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

"பசங்ககிட்ட இதச் சொல்லப்போறேன்," என்றேன்.

"சொன்னா அவங்க பனியன் போட மாட்டாங்க. எனக்கு அணியே கண்ணு தெரியாம போயிடும்."

"பயிற்சியில போடட்டும். என்கூட நடக்கறப்போ வேணாம்."

"அப்ப அடுத்த வருஷம் நான் வேற ஆளப் பாத்துக்கறேன், மெரின்." கோபமே இல்லாமல் சொன்னார். மடிக்கணினியை மூடினார்.

முதலில் லாக்லனிடம்தான் போனேன். கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் முன்னால், வயர் சுருள்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, சிவப்பு, பனியன், குளிக்கக்கூட விடாமல் நடக்கக் கூட்டிப்போன என் அவசர புத்தி. அவன் ஒரு சுருளைக் கையில் வைத்தபடியே கேட்டான்.

"அப்ப நீங்க சொல்லல."

"இல்ல."

"நான்தான் சொல்லிருக்கேன். முதுகுல சுமந்துட்டுப் போய்." சிரித்தான். கேட்க நன்றாக இல்லை.

"உன் தப்பு இல்ல. நான் யோசிச்சிருக்கணும். இனிமே அது இல்லாம நடக்கலாம், லாக்லன். கிளப்ல வேணாம், பீச்சுல நடக்கலாம். எனக்கு அங்க வேலை இருக்கோ இல்லையோ, நான் வர்றேன்."

அவன் சுருளை வண்டியில் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க பொய் சொல்லலன்னு நம்பறேன். ஆனா உங்ககூட நடந்தா இனிமே வாய் ஒண்ணு பேசும், மனசு அது பாட்டுக்கு நெஞ்சப் புடிச்சு அமுக்கிட்டே வரும். அடிக்காத, அடிக்காதன்னு. பனியன் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அப்புறம் எதுக்கு நடக்கணும்?"

அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் வலித்தது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் உளவியலாளரின் பெயரைச் சொன்னேன். பக்கத்திலிருக்கிற ஃப்ரீமான்டிலில் தனியாக அறை வைத்திருப்பவர். எந்தக் கிளப்பிலும் இல்லை. தலையில் அடிபட்டவர்களை நிறையப் பார்த்தவர்.

"நல்லவங்களா?"

"ரொம்ப நல்லவங்க."

"நான் பேசறது வெளிய எங்கயும் போகாதே?"

"போகாது."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயைத் திறந்தேன். வழக்கமாகச் சொல்கிற வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைக்கூட அந்தப் பையன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியாது, லாக்லன்," என்றேன். "எனக்குத் தெரியாது."

இதிலும் ஏதாவது தந்திரம் இருக்குமோ என்று அவன் என்னைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"சரி. நம்பரச் சொல்லுங்க."