சுகுணா சிஸ்டர் கேட்ட விளக்கம்

சுகுணா சிஸ்டருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அதை ஒரு நாளைக்கு இருபத்திரண்டு முறையாவது சொல்லிவிடுவார். நான் நர்ஸாகச் சேர்ந்து மூன்று வருடம்தான். அதனால் எங்கள் மலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் சொல்வார், நான் தலையாட்டுவேன்.

அன்றைக்குப் பிரசவ அறையில் அருணா படுத்திருந்தாள். தலைப்பிரசவம். டாக்டர் நாமக்கல்லில் மீட்டிங் போயிருந்தார். பிரிட்ஜில் ஆக்ஸிடோசின் ஊசி மருந்து ஒன்றே ஒன்று பாக்கி. சிஸ்டரோ செம்மேட்டில் ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் தங்கை மகளுக்கு வளைகாப்பு.

"ஏ கலை, அந்த ஊசிய எடுத்தா. வலியக் கூட்டிவுட்டா பன்னெண்டரைக்குள்ள முடிஞ்சுரும்."

அருணாவின் மாமியார் அத்தாயி வாசலில் நின்றே வழிமொழிந்தார். "ஆமாங்க சிஸ்டர், போட்டுவுடுங்க. புள்ள கெடந்து துடிக்குது."

அந்த மருந்தைப் பிள்ளை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் போட வேண்டும். கருப்பை சுருங்கும், ரத்தம் கொட்டாது. முன்னாலேயே வலிக்கென்று குத்தினால் கருப்பை கிழியலாம், பிள்ளைக்கு மூச்சு முட்டலாம். பயிற்சியில் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியாக டிக் அடித்துச் சிஸ்டர் முழு மார்க் வாங்கினார். பரீட்சை வேறு, பிரசவம் வேறு என்பது அவர் கட்சி.

போன வருடமும் இப்படித்தான் இருந்த ஒரே மருந்தை வலிக்கென்று தீர்த்தோம். சொன்னது சிஸ்டர், குத்தியது நான். பிள்ளை பிறந்ததும் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள்.

"பிரிட்ஜ் சாவி டாக்டர்கிட்ட இருக்குதுங்க சிஸ்டர்," என்றேன். சாவி என் கோட்டுப் பையில் இருந்தது.

டாக்டர் போனை எடுக்கவில்லை. மீட்டிங்குகளால் நாட்டுக்கு ஒரு பயனாவது உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. சிஸ்டர் டாக்டரை வைதார், என்னை வைதார், பஸ்ஸையும் விடவில்லை. பஸ் போய்விட்டது.

இரண்டு பத்துக்குப் பெண் பிள்ளை பிறந்து ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லையென்று தொட்டுப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துப் பிரிட்ஜைத் திறந்து, அருணாவின் தொடையில் ஊசியைப் போட்டேன். சிஸ்டர் கையில் பிள்ளை, கண்ணெல்லாம் என் சாவி மேல்.

நஞ்சுக்கொடி வந்து விழுந்தது. கருப்பை இறுகியது. ரத்தம் கொஞ்சம்தான்.

"பாத்தியா? ரத்தமே போகல. இருந்த ஒரே மருந்தையும் தண்டம் பண்ணிட்ட!" என்றார் சிஸ்டர்.

"ஏன் கண்ணு, வலிச்சப்பப் போடாம எல்லாம் முடிஞ்ச பொறவு குத்தறீங்களே?" என்றார் அத்தாயி.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ரத்தம் கொட்டியிருந்தால் ஓடியாடிக் காப்பாற்றிய நர்ஸ் என்று பேர் கிடைத்திருக்கும். கொட்டாமல் செய்தால் தண்டம். அதற்குள் அருணா, "பசிக்குதுங்க சிஸ்டர்," என்றாள். ஓடிப்போய் பன்னும் டீயும் வாங்கி வந்தேன். அவள் தின்பதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் சிஸ்டர் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் போட்டார். பொய் சொன்னதற்கும், ரத்தப்போக்கு இல்லாத கேசுக்கு மருந்தைச் செலவழித்ததற்கும் விளக்கம் வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன்:

'சாவி விஷயத்தில் பொய் சொன்னதற்கு மன்னிக்கவும். ரத்தப்போக்கு இல்லாதபோதே ஊசி போட்டது உண்மை. அடுத்த பிரசவத்துக்கும் அப்படித்தான் போடுவேன். இப்படிக்கு, கலைச்செல்வி.'