முதுகைத் தொடாத ஆள்

ஆற்றுத் தண்ணீர் பாயும் அந்தச் சின்ன மாட்டுப் பண்ணையை ஆனந்தராஜா எழுபத்திநான்காம் ஆண்டில் வாங்கினார். தான் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டு ஆட்கள் மாட்டிறைச்சி தின்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தன்னுடைய மாட்டையும் தின்பார்கள் என்பதுதான் மனுசனுக்கு உறைக்கவில்லை. வருடக்கணக்கில் ஒரு மாட்டையும் விற்க மனம் வரவில்லை. விற்பதற்கென்று அறுத்துக் காயவைத்த புல்லையும் அவையே தின்று தீர்த்தன.

கடைசியில் மாடுகளோடு சேர்த்துப் பண்ணையை விலைக்குப் போட்டார்கள். வந்தவர்களெல்லாம் முதலில் மாட்டின் முதுகைத்தான் அமுக்கிப் பார்த்தார்கள். எவ்வளவு இறைச்சி தேறும் என்ற கணக்கு. அப்படி அமுக்கிய ஒருவருக்கும் ஆனந்தராஜாவின் மனைவி பவளம் ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

இன்று வந்த கிழவன் முதுகைத் தொடவேயில்லை. குனிந்து மடியைப் பார்த்தான். தனக்குக் கறக்கத்தான் மாடு வேண்டும் என்றான். பவளத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. உள்ளே போய்த் தேத்தண்ணீருக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

கிழவன் கேட்ட விலை குறைவு. ஆனந்தராஜா தாடையைச் சொறிந்தார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் பவளம், கிழவனைப் பார்த்துச் சிரித்தபடியே.

அவர் சொன்னார்.

நகரத்தில், செவன் ஹில்ஸில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மெல்லத் தொடங்கினார்: "எண்டாலும் எங்களுக்கெண்டு ஒரு துண்டுக் காணி..."

"வாங்குங்கோ. கத்தரி நடுங்கோ," என்றாள் பவளம். "கத்தரிக்காய் வெட்டேக்கை என்னைத் திரும்பிப் பார்க்காது."