சத்யா பார்த்த கடல்

கடலைக் கண்ணால் பார்க்காமலேயே கடல் வரைந்து பேர் வாங்கியவர் செல்லதுரை. விக்கிரமங்கலத்தைச் சுற்றி எந்தக் கோயில் சுவரில் பெருமாள் பள்ளிகொண்டிருந்தாலும், கீழே கிடக்கும் பாற்கடல் அவர் கைவேலையாகத்தான் இருக்கும். பாற்கடலுக்கும் சொட்டு நீலத்தைத்தான் அடிப்பார். நீலம் அடித்தால்தான் ஜனங்களுக்குக் கடலென்று தெரியும் என்பார். அலைகள் முறுக்குப் பிழிந்ததுபோலச் சுருண்டு வரிசையாக நிற்கும். யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல அங்கே யாருக்குக் கடல் தெரியும்?

அந்த மனிதர் இப்போது தன் வயலோரத்தில் எழுப்பிய ஒரு சின்னச் சுவருக்கு முன்னால் திணறிக்கொண்டிருந்தார். மகள் சத்யா போய் வருஷம் திரும்பப் போகிறது. கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். வயலில் சுவர் கட்டி, அவள் உருவத்தை எழுதி, வருஷம் திரும்பும் நாளில் கண் திறந்து படையல் போட வேண்டும். கண் திறப்பது என்றால் கடைசியாகக் கருமணியை எழுதுவது. அதற்குப் பிறகுதான் அது சாமி. எத்தனையோ சாமிகளுக்குக் கண் திறந்தவருக்கு மகள் முகம் மட்டும் பிடிபடவில்லை. வரைவார், சுண்ணாம்பு அடித்து அழிப்பார். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்று தம்பி ராசாங்கம் சொல்லிப் பார்த்தான். அதற்கும் மனம் ஒப்பவில்லை.

சத்யா அரியலூரில் காலேஜ் படித்தவள். போன கார்த்திகையில் தோழிகளோடு கடல் பார்க்கப் போக வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம் என்றாள் அம்மா மலர்கொடி. சத்யா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம மண்ணே ஒரு காலத்துல கடலாத்தாம்ப்பா இருந்துச்சு. உழுதா கல்லாப் போன கிளிஞ்ச வருதுல்ல? அந்தக் கடல நான் ஒரு தடவ பாத்துட்டு வரேன்."

செல்லதுரை சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டார். முழங்கால் தண்ணீரில் நின்றவளைப் பெரிய அலை ஒன்று கொண்டுபோனது. அலை வருவதைப் பார்த்துத் தோழிகள் கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்களாம். அவள் திரும்பவே இல்லையாம்.

அன்றோடு மலர்கொடி புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு வைப்பாள், வெந்நீர் வைப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். செல்லதுரையை அதைவிட ஒரு கேள்வி தின்றது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற பிள்ளை, அன்றைக்கு ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?

நாள் நெருங்கியது. மழை சற்று விட்ட ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, அந்தக் கடற்கரைக்கே போய் இறங்கினார். புயல் எச்சரிக்கையில் படகுகளையெல்லாம் மேட்டில் ஏற்றியிருந்தார்கள். தண்ணீரோரம் ஈ காக்கை இல்லை. காறித் துப்பிவிட்டுத் திரும்ப வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

துப்ப வரவில்லை. அது நீலமாகவே இல்லை. கரையோரம் கொள்ளிடத்து வெள்ளம்போல் செம்மண் நிறம், அப்பால் கலங்கிய பச்சை, அதற்கும் அப்பால் கருப்பு. அலைகள் வரிசையில் வரவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. காற்று நுரையைப் பிய்த்து மணலில் ஓட்டியது. மேகம் விலகிய இடத்தில் ஒரு துண்டு வெயில் விழ, அங்கே மட்டும் தண்ணீர் வெள்ளியாக எரிந்தது. பாவி மனசு, எந்தப் பச்சையில் எவ்வளவு கருப்பைச் சேர்த்தால் இது வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தது. பெற்ற மகளை விழுங்கிய தண்ணீர் இவ்வளவு அழகாக இருந்தது. அதைப் பார்க்கிற தன் கண்ணை அவர் வெறுத்தார், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

யாரோ தோளைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தார்கள். மேட்டில் படகு மறைவில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், மூச்சு வாங்க நின்றார்.

"எவ்வளவு நேரமா கத்துறேன். காதுல விழலையா உங்களுக்கு?"

அப்போதுதான் குனிந்து பார்த்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. தண்ணீருக்குள் எப்போது இறங்கினார் என்றே தெரியவில்லை. செல்லதுரை அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து, வருஷம் முழுக்க வராத அழுகையை அழுது தீர்த்தார்.

வருஷம் திரும்பிய நாளில் சொந்தபந்தம் கூடியது. சுவரை மூடியிருந்த வேட்டியைச் செல்லதுரை விலக்கினார். சுவர் முழுக்கச் செம்மண்ணும் பச்சையும் கருப்புமாக ஒரு கடல் கொந்தளித்தது. அதைப் பார்த்துக்கொண்டு, தாவணி காற்றில் பறக்க, ஒரு பெண் நின்றாள். முகம் இல்லை. முதுகும் ஒற்றைப் பின்னலும்தான்.

ராசாங்கத்துக்கு இது சரியாகப் படவில்லை. "முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதேண்ணே. இதுக்கு எப்படிக் கண்ணு தொறக்குறது?"

செல்லதுரை அவனுக்குப் பதில் சொல்வதுபோல் மலர்கொடியைப் பார்த்துச் சொன்னார். "கூடப் போன புள்ளைங்க கத்துனது அவ காதுல விழலடா. அங்க போயி நின்னேன். எனக்கும் விழல."

மலர்கொடி சுவரை நெருங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பின்னலை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினாள். பிறகு குனிந்து படையல் இலையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கோபத்தில் எடுத்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சுவரைச் சுற்றி, பூசாத வெறும் செங்கலாக நின்ற பின்பக்கம் போனாள். அங்கிருந்த புல்லைக் காலால் விலக்கி, இலையை வைத்தாள்.

"சூடத்த எடுத்துக்கிட்டு இங்குட்டு வாங்க" என்று சுவருக்குப் பின்னாலிருந்து புருஷனைக் கூப்பிட்டாள். "புள்ள மூஞ்சி இந்தப் பக்கம்ல இருக்கு."

செல்லதுரை சூடத்தட்டை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனார்.